தலையாட்டிப் படித்த இங்கிலீசு

“உங்களிடம் எந்தெந்த நாட்டுத் தபால் முத்திரைகள் இருக்கின்றன?” என்று கொழும்பில் என்னைச் சோதனை எடுத்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. முத்திரையா? என் வாழ்நாளில் நான் ஒரு முத்திரைகூடச் சேர்த்தது கிடையாது. ஆனால் அதற்குச் சற்று முன்னர் நானேதான், மூச்சு விடாமல், என்னுடைய பொழுதுபோக்கு முத்திரை சேகரிப்பது என்று ஒப்புவித்திருந்தேன். மட்டக்களப்புப் பட்டணத்தில் நான் போன ஆங்கில வகுப்பில் படிப்பித்த சேர் கொடுத்த விடைத்தாள்களில் அப்படித்தான் இருந்தது. என் பெயர், என் ஊர், என் குடும்பம், என் பொழுதுபோக்கு, எல்லாவற்றையும் தேவாரம் போலப் பாடமாக்கியிருந்தேன். அந்த அம்மா முதலில் கேட்டது நீங்கள் இங்கே எப்படி வந்தீர்கள் என்றுதானாம். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் வாயைத் திறந்ததுமே நான் தொடங்கிவிட்டேன், நிறுத்தத் தெரியவில்லை.

முத்திரைக் கேள்வி பாதி விளங்கியது. விளங்காத மீதிக்கு என்ன செய்வதென்று எந்தச் சேரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. “யெஸ்,” என்றேன். அவர் கொஞ்சம் பொறுத்து, வேறு மாதிரிக் கேட்டார். “யெஸ் மெடம்,” என்றேன், இன்னும் பணிவாக. தலையையும் ஆட்டினேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட அவர் எனக்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அந்தச் சோதனையில் தேறினால்தான் எனக்கு லண்டன் விசா. அங்கே என் கணவர் இருக்கிறார். கலியாணம் முடித்து லீவு முடியுமட்டும் என்னோடு இருந்துவிட்டுப் பறந்தவர், அதற்குப் பிறகு ஒரேயொரு முறை வந்து போனார். மற்றபடி எங்கள் குடித்தனம் முழுவதும் போனில்தான். போனில் சண்டை பிடிக்கலாம், சமாதானமாகலாம், பிள்ளை பெற முடியுமா? எனக்கும் வயது ஏறிக்கொண்டே போனது. மனைவிக்கு ஆங்கிலம் கேட்டால் விளங்கும், ஓரளவு பேசவும் வரும் என்று காட்டினால்தான் அந்த நாடு கதவைத் திறக்கும்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். தேற்றாத்தீவில் அப்பா எனக்குக் கட்டித்தந்த வீட்டுக்கும் அப்படியொரு பெட்டி வந்தது, வந்த வேகத்திலேயே விமானமும் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு மாமிக்கு இது பெரிய பகிடி. “மாப்பிள்ளமார் பொம்புளட வீட்டுக்கு வாற ஊர் இது. நீ என்னெண்டா புருசன்ட வீட்டுக்குப் போறதுக்குச் சோதின எடுத்துத் திரியிறாய். எல்லாம் தலைகீழாக் கிடக்கு புள்ள,” என்பார்.

சோதனையில் தேறாமல் போய்விட்டது என்று சொன்னதும் கணவர் போனில் பொரிந்து தள்ளினார்.

“இஞ்ச நாலு வயசுப் புள்ளையெல்லாம் பேசுது! நான் வந்த புதுசிலேயே புடிச்சிட்டன். இது என்ன பெரிய வித்தையா? மூள இல்லையா உனக்கு?”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும். ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். லண்டனில் இத்தனை வருஷம் இருக்கிற மனுஷன் சொல்கிறார். கொழும்பில் அரைமணித்தியாலம் தாக்குப்பிடிக்காத நான் எந்த மூஞ்சியோடு எதிர்த்துப் பேச?

பிறகுதான் காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு நடத்துகிற டீச்சரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். என்னைவிட வயது குறைந்தவர். கறுப்பு அபாயாவும், ஓயாத சிரிப்புமாக இருப்பார். முதல் நாளே என் விடைத்தாள் கட்டைக் கொண்டுபோய், எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் முன்னால் கொட்டிவிட வேண்டும் என்று ஒப்புவிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அக்கா, முத்திரைய விடுங்க. இண்டைக்குக் காலைல என்ன திண்டீங்க? இங்கிலீசில சொல்லுங்க.”

அது தாளில் இல்லையே! “ரொட்டி… சம்பல்…” என்று இழுத்தேன்.

“ஆரு சுட்ட?”

“மீ.”

“அல்லாவே, பேசிட்டீங்களே அக்கா!” என்று கைதட்டினார். பகிடி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மெய்யாகவே சந்தோஷப்படுகிறார். என் தாள்களை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம்! எத்தனை மாதம் தொண்டை கிழியப் பாடமாக்கினது!

அவருடைய படிப்பிப்பே வேறு மாதிரி. கை என்ன செய்கிறதோ அதை வாய் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சொன்னதைப் போனில் பதிந்து, நாமே கேட்க வேண்டும். என் குரலை முதலில் கேட்டபோது முன்பின் தெரியாத யாரோ பேசுவதுபோல் இருந்தது, போனைத் தூர வைத்துவிட்டேன். ஒரு சொல் தெரியாவிட்டால் அதற்காக நின்று திணறக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். அம்மிக்கு ஆங்கிலச் சொல் தெரியாதா? கல் என்று சொல்லு, மிளகாய் அரைக்கிற கல் என்று சொல்லு, கேட்கிறவனுக்கு விளங்கும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிர்ச்சி தந்தது இன்னொன்று. ஒரு நாள் எங்கள் எல்லாரையும் எழும்பி நிற்கச் சொன்னார். “எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்,” இதை ஆங்கிலத்தில், தன் கண்ணைப் பார்த்து, சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றார். வகுப்பில் இருந்ததெல்லாம் பெண்கள்தான். ஒருத்திக்கும் வாய் வரவில்லை! சின்ன வசனம், எல்லாருக்கும் தெரிந்த வசனம். நிலத்தைப் பார்த்துக்கொண்டு குசுகுசுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷத்துக்கு மேல் “விளங்கிச்சா?” என்று கேட்ட உடனே “ஓம் டீச்சர்” என்று ஒரே குரலில் கத்திப் பழகின ஆட்கள் நாங்கள். விளங்கவில்லை என்றால் அது டீச்சருக்கு மரியாதைக் குறைவு, நமக்கு மானக்கேடு.

“விளங்காட்டி விளங்கல்ல எண்டு சொல்லுறதுதான் அக்கா முதல் பாடம். ஓம் எண்டு தலையாட்டினா நீங்க அவடத்திலேயே முடிஞ்சீங்க,” என்றார் டீச்சர். அன்று வகுப்பு முடியுமட்டும் வேறொன்றும் படிப்பிக்கவில்லை. கடைசியில் நான் அதைக் கத்தியே சொன்னேன். கீழே துணிக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம்.

வீட்டில் பெரிய கூத்து நடந்தது. பின்பக்கம் குந்தியிருந்து இறால் உரித்தபடி, நான் தலையைப் பிய்க்கிறேன், கோதைக் கழற்றுகிறேன், பூனையே தள்ளிப்போ என்று ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். முற்றம் கூட்டும்போதும் அதே. கிணற்றடியிலும் அதே. மாமி வேலிக்குமேலால் எட்டிப் பார்ப்பதைக் கவனித்தேன், அக்கறைப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைத் திறந்தால் மாமி நிற்கிறார், பக்கத்தில் ஒரு பூசாரி, கையில் செம்பும் வேப்பிலையும்.

“என்ன மாமி இது?”

“ஒண்டுமில்ல மனே. சும்மா தண்ணி ஓதி ஒரு நூல் கட்டி விட்டாச் சரி. தனியக் கிடக்கிற பொம்புள, புருசனும் கிட்ட இல்ல, வெள்ளக்காரப் பேய் ஏதும் புடிச்சிருக்கும். நீ பயப்பிடாத.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. “பேயுமில்ல பிசாசுமில்ல மாமி, நான் படிக்கிறன்!” என்று கத்தினேன். கத்தினது தமிழிலா ஆங்கிலத்திலா என்பதில் எனக்கே இப்போது சந்தேகம். பூசாரி இரண்டடி பின்னால் போனார். கடைசியில் மாமியின் மனம் ஆறட்டும் என்று நூலைக் கட்டிக்கொண்டேன். அடுத்த வகுப்பில் டீச்சர் அந்த நூலைப் பார்த்து, கதையைக் கேட்டு, மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்.

பிறகு அவர் ஒரு வேலை தந்தார். தினமும் கொஞ்ச நேரம், ஆங்கிலம் புழங்குகிற ஒரு ஆளோடு, முன்கூட்டித் தயார்பண்ணாமல் பேச வேண்டும். மற்றப் பெண்களெல்லாம் ஆளுக்கு எங்கே போவது என்று முழிக்கிறார்கள். எனக்கென்ன கவலை, லண்டனிலேயே ஒருத்தர் இருக்கிறார்!

அன்றைக்கே போனில் ஆங்கிலத்தில் தொடங்கினேன். இன்று வேலை எப்படி என்று கேட்டேன். “வெரி குட், வெரி குட்,” என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். “நோ ப்ராப்ளம்,” என்றார். எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பிழை என் பக்கம்தான், நான் சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்றே நினைத்தேன். மறுநாள் அவருக்கு நேரமில்லை. அதற்கடுத்த நாள் நெட் சரியில்லை. ஒரு நாள் தலையிடி. “பொஞ்சாதியோட தமிழில பறையாம வேற என்னத்தில பறையிற?” என்று ஒரு நாள் கொஞ்சினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோய் அதையும் நம்பிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய அறைக் கதவை யாரோ தட்டினார்கள். போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுப் போய்த் திறந்தார். எனக்குத் தெரிந்தது அரைவாசிச் சுவரும், குழாய் திருத்துகிற சாமான் பையோடு நின்ற ஒரு வெள்ளைக்காரனின் தோளும்தான். குரல் மட்டும் நல்ல தெளிவு. தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, சமைக்கிற குசினியிலா குளியலறையிலா என்று அவன் கேட்டான். எனக்கு விளங்கியது! வீட்டுச் சொற்களை டீச்சர் எங்களைக் கொண்டு எத்தனை தரம் சொல்ல வைத்திருப்பார். சந்தோஷத்தில் துள்ளப் போனேன்.

“யெஸ், யெஸ்,” என்றார் என் கணவர்.

எது என்று அவன் திரும்பக் கேட்டான்.

“நோ ப்ராப்ளம்.”

இப்போது அவன் குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டான். குசினியா? குளியலறையா?

“யெஸ். தேங்க் யூ. நோ ப்ராப்ளம்.”

கொழும்பில் அந்த அம்மா முன்னால் நான் இருந்த இருப்பு அப்படியே தெரிந்தது. அதே பணிவு, அதே தலையாட்டு. இந்த மனுஷனா நாலு வயசுப் பிள்ளை கதை சொன்னது? இந்த மனுஷனா எனக்கு மூளை இல்லை என்றது? என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. “இஞ்சாருங்க, குசினியிலயா பாத்ரூமிலயா எண்டு கேக்கிறான்!”

போன் கட்டாகிவிட்டது.

அதன்பிறகு சில நாள் அவர் போன் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் பதிலில்லை. கடைசியில் அவர் எடுத்தபோது குரல் இறங்கியிருந்தது.

“நான் இஞ்ச வந்த நாளில இருந்து தமிழாக்கள்ட கடைக் குசினிதான் புள்ள. முதலாளியும் தமிழ், கூட வேல செய்யிறவனும் தமிழ், றூமில கிடக்கிறவனும் நம்மட ஆள். இங்கிலீசுக்கு நான் எங்க போற? ஆர் என்ன கேட்டாலும் யெஸ் எண்டு சிரிச்சா அவங்க போயிருவாங்க.”

“அப்ப என்னத்துக்கு எனக்கு மூள இல்லையெண்டு அந்தக் கத்துக் கத்தினீங்க?”

“வெக்கத்திலதான்.”

நான் வாரி இறைப்பதற்கு வசவெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டபிறகு ஒன்றும் வரவில்லை. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். கோபத்தில் பாதி, பாவம் என்று பாதி.

அன்றிலிருந்து நான் டீச்சரானேன். டீச்சர் எனக்குத் தந்ததையெல்லாம் அப்படியே அவருக்குக் கொடுத்தேன். வெங்காயம் வெட்டும்போது வெங்காயம் வெட்டுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். கடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றார். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்குப் பேய்க்கு நூலே கட்டினார்கள் என்றேன். அவர் சிரித்துப் பல காலம், அன்று சிரித்தார். ஆனால் அந்தச் சின்ன வசனத்துக்கு மட்டும் அவரை மடக்க முடியவில்லை. “எனக்கு விளங்கவில்லை” என்பதைச் சொல்லுங்கள் என்றால் பேச்சை மாற்றிவிடுவார்.

“அத மட்டும் கேளாத. இத்தின வருசம் இந்த நாட்டில கிடந்துபோட்டு, விளங்கல்ல எண்டு நானே என்ட வாயால சொல்லவா? ஏலா புள்ள.”

இந்த நாட்களில்தான் காலில் ஒரு புண் என்றார். அவருக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, இருக்கிறது, நான் அறிவேன். பாதத்தில் சப்பாத்து உரசின புண்ணாம், நோவுகூட இல்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டினாராம்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்டுமில்லையாம். புண் மாறிச் சுகமாகிருமாம்.”

“அவங்க சொன்னது விளங்கிச்சா உங்களுக்கு?”

“டாக்டர்மார் கடைக்காரன் மாதிரியா, மெதுவா, ஆறுதலாத்தான் பேசுவாங்க. விளங்கிச்சு, விளங்கிச்சு. நீ சோதினையப் பாரு.”

சோதனையைப் பார்த்தேன். இந்த முறை ஒரு பெரியவர். மீன்பிடிப்பதைப் பற்றிக் கேட்டார், கோயில் திருவிழாவைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த சொற்களில் சொன்னேன், தெரியாததைச் சுற்றிக்கொண்டு போனேன். நடுவில் ஏதோ கேட்டார், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் கண்ணைப் பார்த்து, எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. ‘நிச்சயமாக’ என்று சொல்லிவிட்டு வேறு சொற்களில் கேட்டார். இவ்வளவுதானா! இதற்கா ஒரு ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாட்டுகிறது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தேறிவிட்டேன். முடிவு போனில் வந்தபோது பின்னேரம். நான் போட்ட கூச்சலில் மாமி வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, என்னைக் கட்டிப்பிடித்து, “நான் நூல் கட்டினது வீண்போகல்ல பாத்தியா,” என்றார். கணவருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். வேலையாக இருக்கும் என்றார் மாமி.

விளக்கேற்றுகிற நேரம் அவரே எடுத்தார், வீடியோவில். வெள்ளைச் சுவர், கட்டில், கையில் ஊசி குத்தின குழாய்.

“நான் தேறிட்டன்!” என்று கத்திவிட்டேன், எல்லாவற்றையும் பார்த்த பிறகும். வாய் முந்திவிட்டது.

“நல்லம் புள்ள. நல்லம். இஞ்ச ஒராள் எனக்கு ஏதோ சொல்லுறா. நீ ஒருக்காக் கேளு.”

போன் கை மாறியது. ஒரு பெண் டாக்டர், களைத்த முகம். நீங்கள் அவருடைய மனைவியா என்றார். ஆம் என்றேன். உங்களுக்கு ஆங்கிலம் விளங்குமா என்றார். மெதுவாகப் பேசினால் விளங்கும் என்றேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். புண் உள்ளே இறங்கி எலும்பைப் பிடித்துவிட்டது. விரல்களை இன்றைக்கே எடுக்க வேண்டும். அதோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கணுக்காலுக்கு மேலேயும் போகலாம்.

ஒரு சொல் பிடிபடவில்லை, கேட்டேன். அவர் தன் காலைக் காட்டி, கையால் வெட்டுவதுபோல் காட்டினார். மாமி பக்கத்தில் “என்ன புள்ள, என்னவாம்?” என்று என் கையைப் பிடித்து உலுக்குகிறார்.

அந்தக் காலை ஊன்றவே கூடாது என்றும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து மருந்து கட்ட வேண்டும் என்றும் முதல் நாளே சொன்னோம் என்றார் டாக்டர். பிறகு ஒரு தரம் வந்தபோதும் சொன்னோம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்றும் கேட்டோம், பிரச்சினை இல்லை என்றார். எப்போதும் சிரித்த முகமாக இருப்பார், எல்லாம் விளங்கியது என்றே நாங்கள் நினைத்தோம். இப்போது சத்திரசிகிச்சைக்கு அவர் சம்மதம் வேண்டும், தயவுசெய்து அவருக்குச் சொல்லுங்கள் என்றார். டாக்டருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

போன் திரும்பக் கணவர் கைக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னவாம்?”

சொன்னேன். விரல்கள் என்றேன், இன்றைக்கே என்றேன், அதற்கு மேலேயும் போகலாமாம் என்றேன். அவர் போர்வையைப் பார்த்தார். அதன் கீழேதான் கால் இருந்தது.

“ஏன் புள்ள, இத அவங்க முதலிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னவங்களாம்,” என்றேன். “நீங்கதான் ஓம் எண்டு சொன்னீங்களாம்.”